ஹெலிகாப்டரின் உயிர் 6 வோல்ட்டில் இருக்கிறது, தெரியுமா?

ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர்களில் '700 வகுப்பு' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு இறக்கையும் சுமார் 700 மில்லிமீட்டர் நீளம். ரோட்டரின் முழு விட்டம் 1.58 மீட்டர் அளவுக்கு வரும். நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது அந்த இறக்கையின் நுனி எவ்வளவு வேகத்தில் பாய்கிறது தெரியுமா? மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர்! பயணிகள் ஜெட் விமானத்தின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்டும் ஒரு கத்தி, மைதானத்தில் நிற்கும் ஒருவரின் விரல் அசைவுக்குக் கட்டுப்பட்டுச் சுழல்கிறது.

அதைச் சுழற்றுவது 12 லித்தியம் பாலிமர் (லிப்போ) செல்களைத் தொடராகக் கோத்த பேட்டரி. முழு சார்ஜில் 50.4 வோல்ட். பைலட் ஸ்டிக்கை வேகமாக இழுக்கும்போது வோல்ட் 44 பக்கம் இறங்கி 150 ஆம்பியர் பாய்ந்தால் 6,600 வாட், கிட்டத்தட்ட ஒன்பது குதிரைத்திறன்! இத்தனை ஆற்றலையும் அடக்கி ஆள்வது யார்? சிக்னலைப் பிடிக்கும் ஒரு ரிசீவர், திரும்புதலை உணரும் ஒரு கைரோ, இறக்கைக் கோணங்களை அசைக்கும் நான்கு சர்வோக்கள். அவற்றுக்கு வேண்டியதோ வெறும் 5 அல்லது 6 வோல்ட். அந்த 6 வோல்ட் ஒரு கணம் சரிந்தால் 50 வோல்ட்டும் ஒன்பது குதிரைத்திறனும் ஆளில்லாத ஆயுதமாகிவிடும். பேட்டரிக்கும் அதன் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்கும் பொருத்தம் பார்ப்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாவற்றுக்கும் முதலில் வரவேண்டிய வேலை என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

சரி, ஏன் 4.8 வோல்ட், 6 வோல்ட் என்று இந்த விநோத எண்கள்? இது ஒரு பழைய பேட்டரி விட்டுச்சென்ற சொத்து! 1960களின் இறுதியில் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டரை ஒழுங்காகப் பறக்க வைத்துக் காட்டிய பிறகு, பல பத்தாண்டுகள் ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தவை நிக்கல் கேட்மியம் செல்கள். ஒரு செல் 1.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 4.8, ஐந்து சேர்ந்தால் 6. உலகத்து சர்வோக்கள் எல்லாம் இந்த இரண்டு எண்களுக்காகவே வடிவமைக்கப்பட்டன. பிறகு லித்தியம் வந்தது. எடை குறைவு, ஆற்றல் அதிகம், எல்லாம் சரி. ஆனால் இரண்டு லிப்போ செல்லைச் சேர்த்தால் வருவது 6 வோல்ட் அல்ல!

பேக்கின் மேல் 7.4 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெயரளவு மட்டுமே. சார்ஜரிலிருந்து கழற்றிய கையோடு அளந்து பாருங்கள், ஒரு செல்லுக்கு 4.2 வீதம் 8.4 வோல்ட் காட்டும். 6 வோல்ட்டுக்குப் பிறந்த சர்வோவில் அதை நேரடியாகச் செருகினால், உள்ளே இருக்கும் மோட்டாரும் மின்சுற்றும் கருகுவதற்கு வழி திறந்தாயிற்று. நடுவில் ஒரு ரெகுலேட்டர் கட்டாயமானது இப்படித்தான்.

அந்த ரெகுலேட்டர்களில் ஒரு வகை, மிச்ச வோல்ட்டை வெறும் வெப்பமாக எரித்தே தீர்க்கிறது என்பது தெரியுமா? இதற்கு லீனியர் ரெகுலேட்டர் என்று பெயர். 3 செல் பேக், முழு சார்ஜில் 12.6 வோல்ட். வெளியே வேண்டியது 5 வோல்ட், 2 ஆம்பியர். சர்வோக்களுக்குப் போவது 10 வாட். ரெகுலேட்டரில் வெப்பமாக வீணாவது 15.2 வாட்! ஒரு சிறிய சால்டரிங் அயர்னை ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் கட்டி வைத்துப் பறப்பதைப்போல. 6 செல் பேக்கில் இதே வேலையைச் செய்யச் சொன்னால் வெப்பம் 40 வாட்டைத் தாண்டும். மோட்டாரின் வேகத்தை ஆளும் ஸ்பீடு கன்ட்ரோலருக்குள்ளேயே லீனியர் பி.இ.சி. (மெயின் பேட்டரியிலிருந்தே ரிசீவருக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டர்) வைத்திருக்கும் பழைய மாடல்களின் கையேட்டில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும்: 2 செல் என்றால் இத்தனை சர்வோ, 3 செல் என்றால் அதைவிடக் குறைவு, 4 செல் என்றால் இன்னும் குறைவு. பேட்டரி பெரிதாகப் பெரிதாகத் தாங்கும் சர்வோ குறைகிறதே என்று முதல்முறை படிப்பவர்கள் திகைத்துப்போவார்கள். காரணம் இந்த வெப்பம்தான். சூடு எல்லை மீறினால் ரெகுலேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஹெலிகாப்டர் அப்போது எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது!

இன்னொரு வகை ஸ்விட்சிங் ரெகுலேட்டர். இது மின்சாரத்தை எரிப்பதில்லை, நறுக்குகிறது! நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை விட்டும் நிறுத்தியும் ஒரு காயிலில் ஆற்றலைத் தேக்கி, தேவையான வோல்ட்டில் வெளியே விடுகிறது. திறன் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டு 22.2 வோல்ட் பேக்கில் கணக்குப் போட்டால், உள்ளே போவது அரை ஆம்பியர், வெளியே வருவது 2 ஆம்பியர்! மாயமில்லை. வோல்ட் இறங்கும் அளவுக்கு ஆம்பியர் ஏறுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் காஸில் கிரியேஷன்ஸ் விற்ற சிறிய ஸ்விட்சிங் பி.இ.சி.யில் வெளியீட்டு வோல்ட்டை 4.8 முதல் 9 வரை கணினியில் செருகி நாமே அமைத்துக்கொள்ளலாம். அதன் பெரிய அண்ணன் 12 செல் பேக்கிலிருந்தே நேரடியாக ரிசீவருக்கு இறக்கிக் கொடுக்கும்.

இப்போது பொருத்தத்தின் மையத்துக்கு வருவோம். 6 வோல்ட் கொடுக்கும் லீனியர் ரெகுலேட்டருக்கு 6 வோல்ட் பேட்டரி போதுமா? போதாது! ரெகுலேட்டர் வேலை செய்யவே உள்ளே வரும் வோல்ட் சற்று மேலே இருக்கவேண்டும். ஒரு வோல்ட் இடைவெளி தேவைப்படும் ரெகுலேட்டர் என்றால், பேக் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய நொடி முதல் வெளியீடும் கூடவே இறங்கத் தொடங்கும். 2 செல் லிப்போவுக்கு 7 வோல்ட் என்பது செல்லுக்கு 3.5. பேக் ஓய்வில் இருக்கும்போது அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் நான்கு சர்வோவும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது, பாதி காலியான சிறிய பேக் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டு வரும். மீட்டரில் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். பறக்கும்போது மட்டும் தவறும்.

ரெகுலேட்டரே வேண்டாத ஒரு லித்தியம் பேட்டரி உண்டு, தெரியுமா? லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக லைஃப். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழு 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளைத்தது. அதே குட்எனஃப்தான் 2019இல் தம் 97வது வயதில் நோபல் பரிசு பெற்று, உலகிலேயே அதிக வயதில் அந்தப் பரிசை வாங்கியவர் ஆனார்! அமெரிக்காவின் ஏ123 சிஸ்டம்ஸ் இந்தச் செல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அவை முதலில் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்று டிவால்ட் நிறுவனத்தின் 36 வோல்ட் டிரில் மெஷின். ஒரு பேக்கில் பத்து செல், ஒவ்வொன்றும் 2300 மில்லி ஆம்பியர் மணி. மாடல் விமானக்காரர்கள் என்ன செய்தார்கள்? கடையில் டிரில் பேட்டரியை வாங்கி, உடைத்து, உள்ளே இருந்த செல்களை எடுத்து ஹெலிகாப்டரில் கட்டிவிட்டார்கள்!

லைஃப் செல் ஒன்று 3.3 வோல்ட். இரண்டு சேர்ந்தால் 6.6. சார்ஜரை விட்டு இறங்கும்போது 7.2 காட்டினாலும் சற்று நேரத்தில் 6.6 பக்கம் இறங்கி உட்கார்ந்துவிடும். புதிதாகச் சார்ஜ் செய்த ஐந்து செல் நிக்கல் பேக்கும் ஏறத்தாழ 7 வோல்ட் காட்டும் என்பதால், அதைத் தாங்கிய சர்வோக்களுக்கு இது புதிய அதிர்ச்சி அல்ல. ரெகுலேட்டர் இல்லை, ஹீட்சிங்க் இல்லை, பழுதாகக்கூடிய ஒரு பொருள் குறைந்தது. எவ்வளவு அழகு! ஆனால் பொருத்தம் தெரியாமல் லைஃப் பேக்குக்குப் பின்னால் 6 வோல்ட் லீனியர் ரெகுலேட்டரைச் செருகினால் என்ன ஆகும்? ஒரு வோல்ட் இடைவெளி போக மிஞ்சுவது 5.6. பாரம் ஏறினால் அதிலும் கீழே. நல்ல பேட்டரி, நல்ல ரெகுலேட்டர், இரண்டும் சேர்ந்தால் கெட்ட ஜோடி!

இன்னொன்று. லைஃபை லிப்போவின் சார்ஜர் அமைப்பில் மறந்தும் போடாதீர்கள். லிப்போவின் எல்லை 4.2, லைஃபின் எல்லை 3.6.

வால் சர்வோவின் கதை தனி. ஹெலிகாப்டரில் மிக வேகமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பது அதுதான். கைரோ நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதற்குக் கட்டளை அனுப்புகிறது. ஃபுடாபாவின் புகழ்பெற்ற ஜி.ஒய்.401 கைரோவோடு சேர்த்துப் பயன்பட்ட எஸ்9254 வால் சர்வோ 4.8 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனது. மற்ற மூன்று சர்வோக்களோ 6 வோல்ட்டில் இன்னும் வேகமாக இயங்கும். ஒரே ஹெலிகாப்டரில் இரண்டு வோல்ட் எப்படி? கைரோவுக்கும் வால் சர்வோவுக்கும் இடையில், சிவப்பு ஒயரில் மட்டும், ஒரு சிலிக்கான் டயோடைச் செருகினார்கள்! டயோடு தன் வழியே போகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். போதவில்லையா, இரண்டைத் தொடராகப் போடு. நாலைந்து ரூபாய் டயோடு, விலை உயர்ந்த சர்வோவைக் காப்பாற்றியது.

ரேடியோவில் வந்த பெரிய முன்னேற்றம் இந்த 6 வோல்ட்டின் பலவீனத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது, தெரியுமா? முன்பு அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்து எளிய ரிசீவரில் வோல்ட் ஒரு கணம் சரிந்தால் சர்வோ ஒரு துள்ளு துள்ளும், உடனே திரும்பிவிடும். அப்போதைய பயம் வேறு: ஸ்விட்சிங் ரெகுலேட்டர் எழுப்பும் மின் இரைச்சல் ரேடியோவைக் கெடுக்கும் என்று ஒயரை ஃபெரைட் வளையத்தில் சுற்றுவார்கள். 2006இல் ஸ்பெக்ட்ரம் டி.எக்ஸ்7 வந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பரவலானதும் இரைச்சல் பயம் பெரிதும் போய்விட்டது. ஆனால் புதிய ரிசீவருக்குள் இருப்பது ஒரு கணினி. வோல்ட் 3.5க்குக் கீழே போனால் அது அணைந்து, மறுபடி தொடங்கி, தன் டிரான்ஸ்மிட்டரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு பிரவுன்அவுட் என்று பெயர். ஆரம்பகால ரிசீவர்களில் இதற்குச் சில நொடிகள் ஆகும். இரண்டு நொடியில் கீழே விழும் ஒரு பொருள் எவ்வளவு தூரம் விழும்? காற்றுத் தடையை விட்டுவிட்டால் 20 மீட்டர்! பின்னால் வந்த ரிசீவர்கள் கண நேரத்தில் இணைப்பை மீட்டதோடு, "நடுவில் எனக்கு மின்சாரம் போய்விட்டது" என்று தரையிறங்கிய பிறகு விளக்கைச் சிமிட்டியும் சொல்லின. அந்தச் சிமிட்டலைப் பார்த்தும் அடுத்த பறத்தலுக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

பழைய காலத்து ஸ்டெபிலைசர் தண்டு இல்லாத இன்றைய ஹெலிகாப்டர்களில் இது இன்னும் தீவிரம். மூன்று அச்சுக் கைரோதான் ஹெலிகாப்டரை நிலைநிறுத்துகிறது. சுவிட்சைப் போட்டதும் சில நொடிகள் ஹெலிகாப்டரை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்வார்கள், கைரோ தன் பூஜ்யத்தைக் கண்டுபிடிக்கும் நேரம் அது. ஆகாயத்தில் மறுபடி தொடங்க நேர்ந்தால் அசையாமல் நிற்க ஏது இடம்?

இந்தச் சரிவைத் தடுக்க ரிசீவரின் காலி சேனலில் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் செருகும் வழக்கம் உண்டு. அது எவ்வளவு நேரம் தாங்கும் தெரியுமா? 10 ஆம்பியர் இழுப்பில் ஒரு வோல்ட் சரிவதற்குள் அரை மில்லி நொடி! ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சர்வோ புறப்படும் அந்த முதல் உதையைச் சமாளிக்க அது போதும், அதற்கு மேல் நம்பக்கூடாது. உண்மையான காப்பு வேண்டுமென்றால் 2.7 வோல்ட், 10 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் மூன்றைத் தொடராகப் போட்டுப் பாருங்கள். 3 ஆம்பியர் சராசரி இழுப்பில் 6 வோல்ட் 4 ஆக இறங்க இரண்டு நொடிக்கு மேல் ஆகும். பழகிய கை ஒன்று ஹெலிகாப்டரைத் தரைக்குக் கொண்டுவரத் தொடங்க அந்த இரண்டு நொடி ஒரு வரம்.

மின்சாரம் எதிர்த் திசையிலும் ஓடும் என்பது தெரியுமா? காற்று இறக்கையைத் தள்ள, இறக்கை தன் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டைத் தள்ள, ஸ்வாஷ்பிளேட் சர்வோவைத் தள்ள, சர்வோவுக்குள் இருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராகிவிடுகிறது! திடீரென நின்று திரும்பும் டிஜிட்டல் சர்வோவிலும் இதே கதை. பேட்டரியை நேரடியாக இணைத்திருந்தால் அது இந்த மின்சாரத்தை விழுங்கிக்கொள்ளும். பல ரெகுலேட்டர்களோ கொடுக்கத் தெரிந்தவை, வாங்கத் தெரியாதவை. போக இடமில்லாத மின்சாரம் வோல்ட்டை மேலே தூக்கும். கெப்பாசிட்டர் இங்கேயும் காப்பாற்றுகிறது.

ஒயரும் வோல்ட்டைத் தின்னும். சர்வோக்களில் சாதாரணமாக வரும் 22 கேஜ் ஒயர், 20 சென்டிமீட்டர் நீளம். போக வர 40 சென்டிமீட்டர். 10 ஆம்பியர் உதையில் ஒயரில் மட்டும் 0.2 வோல்ட் காணாமல் போகிறது, கனெக்டரின் ஊசிகளில் போவது தனி. நல்ல ரெகுலேட்டர்களிலிருந்து ரிசீவருக்கு ஒரே மாதிரி இரண்டு ஒயர்கள் வருவது இதனால்தான். ஒன்று உபரி என்று நினைத்து மடக்கிக் கட்டிவிடாதீர்கள், இரண்டையும் செருகுங்கள்!

கெப்பாசிட்டரால் வரும் தொல்லையும் ஒன்று உண்டு: ஸ்பீடு கன்ட்ரோலரில் இருக்கும் கெப்பாசிட்டர்களால்தான் 12 செல் பேக்கைச் செருகும்போது 'பட்' என்று நெருப்புப்பொறி தெறிக்கிறது. எக்ஸ்.டி.90 எஸ் கனெக்டருக்குள் ஒளிந்திருக்கும் 5.6 ஓம் ரெசிஸ்டர் அந்த முதல் பாய்ச்சலை 9 ஆம்பியருக்குள் அடக்கிவிடுகிறது.

ரெகுலேட்டர் பேட்டரியின் களைப்பை மறைத்துவிடும் என்பதையும் கேளுங்கள். ரிசீவருக்குக் கிடைப்பது எப்போதும் 6.0. பேக் நிறைந்திருந்தாலும் 6.0, தீரப்போகிற நேரத்திலும் 6.0. பறக்கும்போதே அளவுகளைக் கீழே அனுப்பும் டெலிமெட்ரியில் ரிசீவர் வோல்ட்டைப் பார்த்து "நன்றாக இருக்கிறதே" என்று பறப்பவர், பேக் காலியாகும் கடைசிக் கணம் வரை அதையே பார்ப்பார். சென்சரை ரெகுலேட்டருக்கு முன்னால், பேட்டரிப் பக்கம் வைக்கவேண்டும். லைஃப் பேக்கில் அதுவும் உதவாது. பெரும்பகுதி தீரும்வரை அதன் வோல்ட் கோடு ஏறக்குறைய தட்டையாகவே போகும். அங்கே நம்பத்தகுந்தது, திரும்பச் சார்ஜ் செய்யும்போது எத்தனை மில்லி ஆம்பியர் மணி உள்ளே போனது என்ற கணக்கு.

பெரிய ஹெலிகாப்டரில் மெயின் பேக்கிலிருந்தே 6 வோல்ட் எடுப்பதா, ரிசீவருக்குத் தனி 2 செல் பேக் வைப்பதா? ஓயாத வாதம் இது. என் ஓட்டு தனி பேக்குக்கு! ஏன் தெரியுமா? ஹெலிகாப்டர் மோட்டார் நின்றாலும் இறங்க முடியும். கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, கடைசி நொடியில் இறக்கைக் கோணத்தைக் கூட்டி மெத்தென்று அமரலாம். ஆட்டோரொட்டேஷன் என்ற இந்த வித்தைக்கு மோட்டார் வேண்டாம், சர்வோக்கள் உயிரோடு இருந்தால் போதும். மெயின் கனெக்டர் கழன்றால், அதை நம்பியிருந்த பி.இ.சி.யும் கூடவே சாகும். தனி பேக் இருந்தால் கட்டுப்பாடு கையில் இருக்கும். இரண்டு பேக்கைச் சார்ஜ் செய்யும் சிரமம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இதைக் கேட்டால் சிலிர்த்துவிடும்: செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் பேட்டரியும் ஆறு லித்தியம் செல் தொடர்தான்! சோனியின் 18650 அளவுச் செல்கள், ஆறும் சேர்ந்து 273 கிராம், உச்ச வோல்ட் 25.2. நம் மைதானங்களில் பறக்கும் 6 செல் பேக்கின் அதே உச்சம்! இன்ஜெனுவிட்டியைக் கருவிலிருந்து வளர்த்த தலைமைப் பொறியாளர் பாப் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்தவர். செவ்வாயில் டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்க முடியாது. சிக்னல் போய்ச் சேரவே நிமிடங்கள் ஆகும் என்பதால் அது தானே பறந்தது. வடிவமைப்புக் கணக்கில் பேட்டரியின் 36 வாட் மணியில் பறக்க ஒதுக்கியது வெறும் 10! இரவுக் குளிரில் உறையாமல் தன்னைச் சூடாக்கிக்கொள்ள 21. அவசரக் கையிருப்பாகவும் ஒரு பங்கு உண்டு. 2022 மே மாதம், தூசியும் குளிர்காலமும் சேர்ந்து சோலார் தகட்டின் வருமானத்தைக் குறைக்க, இரவில் பேட்டரி சரிந்து கட்டுப்பாட்டு மின்சுற்று அணைந்தது. கடிகாரம் பூஜ்யமானது, பூமியோடு பேசவேண்டிய நேரத்தைத் தவறவிட்டது. தரையில் நின்ற நிலையில் ஒரு பிரவுன்அவுட்! ஓரிரு நாளில் பேச்சைத் திரும்பத் தொடங்கியது. ஒரு சில பறத்தல்களுக்கென்று அனுப்பிய அந்த ஹெலிகாப்டர் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

இன்று 8.4 வோல்ட்டையும் நேரடியாகத் தாங்கும் எச்.வி. சர்வோக்கள் வந்துவிட்டன. 2 செல் லிப்போவை ரெகுலேட்டர் இல்லாமலே செருகலாம். ஆனால் சங்கிலியில் ஒவ்வொன்றும் அதைத் தாங்குமா என்று பாருங்கள். மூன்று சர்வோ எச்.வி., வால் சர்வோ மட்டும் 6 வோல்ட் என்று இருந்தால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கைரோவும் ரிசீவரும் 8.4 வோல்ட்டை ஏற்குமா என்பதைக் கையேட்டில் படித்துவிட்டே செருகவேண்டும்.

எந்த ஜோடியாக இருந்தாலும் பறக்கும் முன் இதைச் செய்யுங்கள். மோட்டாரின் மூன்று ஒயர்களையும் கழற்றுங்கள். டெலிமெட்ரியைப் போட்டு, இரண்டு ஸ்டிக்குகளையும் ஒரே நேரத்தில் மூலைக்கு மூலை, கால் நிமிடம் சுழற்றுங்கள். 6.0இல் அமைத்த வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 5.5க்கு மேலேயே நின்றால் நல்லது. 5க்குக் கீழே போனால் அன்று அந்த ஹெலிகாப்டர் பறக்கவேண்டாம். காற்றின் எதிர்விசை வேறு ஆகாயத்தில் காத்திருக்கிறது. முதலில் ஒயரையும் கனெக்டரையும் மாற்றிப் பாருங்கள், பிறகு பேக்கை, கடைசியில் ரெகுலேட்டரை. முழு சார்ஜில் மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள், பாதி தீர்ந்த பேக்கிலும் ஒருமுறை, குளிர்ந்த காலையில் ஒருமுறை செய்யுங்கள். குளிரில் லிப்போவின் உள்தடை ஏறிவிடும், முந்தின நாள் மதியம் 5.6 காட்டிய அதே பேக் அப்போது வேறு எண்ணைக் காட்டும்.